அவர் வைத்திருந்த ஒரிஜினல்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும்தான் ஏசி. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், அமிர்திக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு வாடகைக் கட்டடம். எண்பதுகளின் தொடக்கம் அது. வேலூரிலேயே கம்ப்யூட்டரைப் பார்த்தவர்கள் குறைவு. எங்களிடம் பீரோ அளவுக்கு ஒன்று இருந்தது. அதிலிருந்து மூன்று டெர்மினல்கள், ஆளுக்கொரு திரையும் கீபோர்டுமாக. ஒன்று எனக்கு, ஒன்று ஆரணியிலிருந்து வந்துகொண்டிருந்த என் சக ஊழியருக்கு, ஒன்று எங்கள் சீனியருக்கு.

மலையில் இருக்கிற ஊர்களில் எங்கெங்கே ஊற்று இருக்கிறது, கோடையில் எது வற்றும், எது வற்றாது என்று கணக்கெடுப்பதுதான் எங்கள் திட்டம். வற்றாத ஊற்று இருக்கும் ஊரில் தொட்டி கட்டிக் குழாய் போடுவார்கள். தண்ணீரே இல்லாத ஊரில் ஆழ்துளை போட்டுப் பார்ப்பார்கள். எல்லா ஊர்களின் விவரமும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தது. மூன்று பேரும் அதைத்தான் திறப்போம், அதில்தான் எழுதுவோம்.

தண்ணீர் எடுப்பவர்கள் பெண்கள். எந்த ஊற்று சித்திரை மாதத்தில் சேறாகிவிடும் என்று ஆண்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதனால் பெண் என்பதற்காக, புரோகிராம் எழுத எடுத்த என்னையும் மலைக்கு அனுப்பினார்கள். கணக்கெடுப்புக்கு என்று தற்காலிகமாக எடுத்த இரண்டு பெண்கள் கூட வந்தார்கள். ஜீப் போகிற வரைக்கும் போய், அப்புறம் நடந்து, அமிர்திக்கு மேலே ஒரு சின்ன ஊரில் தங்கினோம். சாமை அறுவடை முடிந்திருந்த சமயம். ஒரு அக்கா தன் வீட்டில் எங்களுக்கு இடம் கொடுத்தார். மறுநாள் காலையில் அவரே முன்னால் நடந்து, பள்ளத்தில் நாவல் மரங்களுக்கு நடுவே இருந்த ஊற்றைக் காட்டினார்.

"எந்தக் கோடையிலயும் இது நின்னதில்ல. எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன். அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த மற்ற ஊர்களையும் சுற்றி வந்தோம். இறங்கி வந்து எல்லாவற்றையும் ஃபைலில் ஏற்றினேன். எழுதி வந்த தாள்களை வழக்கப்படி வேலூர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கே அவை மற்ற மூட்டைகளோடு சேர்ந்துவிட்டன. கூட வந்த பெண்களுக்கு வேலை முடிந்தது, போய்விட்டார்கள்.

அடுத்த மாதம், தொட்டி கட்டப்போகிற ஊர்களின் முதல் கட்டப் பட்டியல் வெளியானது. அந்தப் பள்ளத்தாக்கில் ஓர் ஊர்கூட அதில் இல்லை. ஃபைலைத் திறந்து பார்த்தேன். நான் ஏற்றியது எதுவுமே இல்லை. ஊர்ப்பெயர் இருந்தது, பக்கத்தில் வெறும் வெற்றிடம்.

எங்கள் இயக்குநர் வேலூரில் உட்கார்ந்திருப்பார், எப்போதாவது ஜீப்பில் வருவார். அன்றைக்கு வந்திருந்தார். நான் பதறிப்போய் விவரம் சொன்னேன். பக்கத்தில் நின்ற சீனியர் சிரித்தார்.

"மெஷின் தானா அழிக்காது சார். போட்டிருந்தா இருக்கும். இந்தம்மா மலைக்கே போயிருக்க மாட்டாங்க. போனேன்னு சொல்லிட்டு எங்கயோ இருந்துட்டு வந்திருப்பாங்க."

எங்கயோ. அந்த ஒரு சொல்லை அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார் என்பது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கல்யாணமாகாத பெண். கண்ணமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். இயக்குநர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இனிமேல் மலைக்குப் போக வேண்டாம், அறையிலேயே வேலை பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பேச்சு எனக்கு முன்னாலேயே கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்துவிட்டது. சீனியரே சொன்னாரா, அவரிடம் கேட்டவர்கள் சொன்னார்களா, தெரியாது. ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்.

"மலைக்குப் போறேன்னு போனியே. நிஜமா எங்கதான் போன?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். நான் பதில் சொன்னேன். அப்பா நம்பினாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அதற்கப்புறம் வீட்டில் என்னோடு பேச்சு குறைந்துபோனது. பார்த்துக்கொண்டிருந்த ஒரு வரன் வரவே இல்லை. அந்த வரன் வராததற்காக நான் அழவில்லை. அப்பா கேட்ட விதத்துக்காகத்தான் அழுதேன்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. அமிர்தி பஸ் நிற்குமிடத்தில் புளி விற்க வந்திருந்த மலை அக்கா என்னைப் பார்த்துவிட்டார். கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு உரக்கக் கேட்டார்.

"ஏம்மா, எங்க வூட்ல சோறு துன்ன, எங்க ஊத்தப் பாத்த. அந்தாண்ட ஊருக்கெல்லாம் தொட்டி வருதாம். எங்களுக்கு இன்னா ஆச்சு?"

"நான் எழுதினேன்க்கா. அழிச்சுட்டாங்க."

"யாரு அழிச்சது?"

அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

ஆரணிக்காரரிடம் சொன்னேன். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தவர். அவருடைய பதிவுகளும் அவ்வப்போது காணாமல் போயிருந்தன. தன் ஞாபகக் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். இருவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தோம். வாரத்தின் நடுவில் ஃபைலில் ஒரு பொய் ஊரைச் சேர்த்தோம். 'கழுதைப்பட்டி' என்று பெயர் வைத்தது நான்தான். தினமும் அது இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சீனியர் தன் வேலையை முடித்துவிட்டு எழுந்து போனதும் பார்த்தோம். கழுதைப்பட்டி இல்லை.

விஷயம் இவ்வளவுதான். அவர் திங்கட்கிழமை காலையில் ஃபைலை முழுசாகத் தன் இடத்துக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்வார். வாரம் முழுக்க அந்தப் பிரதியில் வேலை செய்வார். சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து பொது ஃபைலின் மேல் அப்படியே போட்டுவிடுவார். நடுவில் நாங்கள் எழுதியதெல்லாம் அதோடு போய்விடும். கடைசியாக யார் போடுகிறார்களோ அதுதான் மெஷினுக்கு ஃபைல். அவர் எப்போதும் கடைசியாகப் போட்டார்.

அவரிடம் போய்ச் சொன்னேன். தெரியாமல் செய்திருப்பார், புரிந்தால் திருத்திக்கொள்வார் என்று எனக்குள் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே வெற்றிலையை மடித்தார்.

"ஓ. கண்டுபிடிச்சுட்டியா" என்றார். அப்புறம், "வெளிய சொல்லிட்டுத் திரியாத. உன்ன யார் நம்புவா?"

அப்படியானால் அவருக்கு முன்பே தெரியும். இயக்குநர் முன்னால் நின்று 'எங்கயோ' என்று சொன்னபோதும் தெரியும்.

இயக்குநருக்கு போன் போட்டுச் சொன்னேன். "பெரியவங்க மேல பழி போடாதம்மா, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் யாரிடமும் நியாயம் கேட்கவில்லை. அவரைக் கவிழ்ப்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தேன். பஸ்ஸில் யோசித்தேன், சாப்பிடும்போது யோசித்தேன். கோபம் இருந்தால் வேலை ஓடாது என்பார்கள். எனக்கு அந்த நாட்களில் ஓடிய மாதிரி வேலை அப்புறம் என்றைக்கும் ஓடியதில்லை.

முதலில் விட்டதைப் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சொந்தக் காலில் மலை ஏறினேன். அக்கா முதலில் முகம் கொடுக்கவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னேன், அப்பா கேட்ட கேள்வியையும் சேர்த்து. அவர் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"நட, காட்றேன். இந்த வாட்டி எவனும் அழிக்க முடியாத எடத்துல எழுது."

மறுபடியும் எல்லா ஊற்றையும் பார்த்தேன். இந்த முறை எழுதிய தாள்களை வேலூருக்கு அனுப்பவில்லை.

எவனும் அழிக்க முடியாத இடத்தைத்தான் அடுத்து உருவாக்கினோம். ஆரணிக்காரரும் நானும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதினோம். பொது ஃபைலை இனி யாரும் நேராகத் தொட முடியாது. மாற்ற வேண்டுமானால் புரோகிராமிடம் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எடுத்திருந்தால் மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. அவர் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அடுத்தவர் எடுக்கலாம். பழைய பிரதியைக் கொண்டுவந்து புதியதன் மேல் போடப் பார்த்தால் புரோகிராம் வாங்கிக்கொள்ளாது. யார் மாற்றினாலும் மாற்றுவதற்கு முந்தையது தனியாக இருக்கும். சாயங்காலம் கிளம்பும்போது எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றிப் பீரோவில் வைத்துவிடுவோம்.

இயக்குநர் அடுத்த முறை வந்தபோது, கரண்ட் போனால்கூட எதுவும் தொலையாது என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினோம். அழித்தது யார் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவர் மகிழ்ந்துபோனார்.

சீனியர் மகிழவில்லை.

"ஃபைலத் தொடறதுக்கு நான் இந்தப் பொண்ணுகிட்ட சாவி கேட்டு நிக்கணுமா சார்? இந்த ஃபைல ஆரம்பிச்சதே நான்."

நான் அப்போது பேசிய குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவ்வளவு பணிவு.

"சாருக்கு இந்தக் கட்டுப்பாடு வேணாங்க. சார் பிரதிய சாரே வெச்சுக்கட்டும். நாங்க பொதுவுல எழுதிக்கறோம்."

இயக்குநருக்குப் பிரச்சினை தீர்ந்ததே போதும் என்றிருந்தது. தலையாட்டிவிட்டார். சீனியர் வெற்றி பெற்றவராகத் தன் நாற்காலிக்குப் போனார். பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "அவங்ககிட்ட கீறது காப்பி. ஒரிஜினல் என்கிட்ட கீது."

மலையில் மறுபடி எழுதி வந்ததையெல்லாம் நான் பொது ஃபைலில் ஏற்றினேன். புரோகிராமில் ஒரு வசதி வைத்திருந்தோம். யாராவது பழைய பிரதியில் வேலை செய்தால், காலையில் டெர்மினலைத் திறந்ததும் திரையில் ஒரு வரி வரும்: உங்கள் பிரதி பழையது, பொது ஃபைலில் மற்றவர்கள் மாற்றியிருக்கிறார்கள். சீனியருக்குத் தினமும் அந்த வரி வந்தது. ஒரு நாள் கத்தினார்.

"காலங்காத்தால இன்னா இது? என்ன எச்சரிக்கறதுக்கு உங்களுக்கு இன்னா யோக்கியத? எடு இத."

"நிஜமா எடுத்துடட்டுமா சார்?"

"எடுன்னா எடு."

எடுத்துவிட்டேன். அன்று மத்தியானம் ஆரணிக்காரர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"தப்புங்க இது. அவர்கிட்ட சொல்லிடலாம். அவர் பிரதில அந்தப் பள்ளத்தாக்கே காலியா இருக்கு."

"தினமும் சொல்லிட்டுத்தானே இருந்துச்சு? நிறுத்தச் சொன்னது யாரு?"

"இருந்தாலும்..."

"இருந்தாலும்னு எங்கப்பாகிட்ட வந்து ஒருத்தரும் சொல்லலையேங்க."

அவர் டப்பாவை மூடி வைத்தார். இன்னும் பேசியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

கோடை வந்தது. இரண்டாம் கட்டப் பட்டியலைச் சீனியர் தன் ஒரிஜினலிலிருந்து அச்சடித்தார். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க 'நீர் ஆதாரம் இல்லை' என்று வந்திருந்தது. வெற்றிடத்தை அவருடைய புரோகிராம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. இயக்குநர் பட்டியலைப் பார்த்துவிட்டு, துளை போடும் வண்டியை மேலே கொண்டுபோகப் பாதை வெட்ட வேண்டியிருக்குமே, அதற்கு முன்னால் தண்ணீரே இல்லாத ஓர் ஊரை நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்றார். எந்த ஊர் என்று சீனியரைக் கேட்டார். அவர் ஒரு மலை ஊருக்கும் போனதில்லை. பட்டியலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் என் இடத்திலிருந்தே சொன்னேன்.

"அமிர்திக்கு மேல ஒண்ணு இருக்குங்க சார். அதுதான் பக்கம். பொம்பளைங்ககிட்ட பேசறதுக்கு வேணும்னா நானும் வர்றேன்."

ஆரணிக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு தன் திரையைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் ஜீப்பில் போனோம். பாதை முடிந்த இடத்திலிருந்து நடை. நல்ல வெயில். இயக்குநருக்குச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. சீனியர் அடிக்கடி நின்று மூச்சு வாங்கினார். நான் முன்னால் நடந்தேன். எனக்குக் கால் வலிக்கவே இல்லை.

அக்கா வீட்டு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். இயக்குநர் அண்ணாந்து குடித்தார். பாதியில் நிறுத்தினார்.

"என்னம்மா, இவ்ளோ ஜில்லுனு இருக்கு? எங்கேர்ந்து கொண்டாறீங்க?"

"ஊத்துலேர்ந்துதான் சாமி."

"எந்த ஊத்து?"

"வாங்க."

பள்ளத்தில் இறங்கினோம். நாவல் மர நிழலில் பாறைக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இயக்குநர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். கணுக்காலுக்கு மேல் வந்தது. அப்படியே நின்றுகொண்டு சீனியரைப் பார்த்தார்.

"பட்டியல்ல இந்த ஊருக்கு என்ன போட்டிருக்கு? படிங்க."

சீனியர் தாளை விரித்தார். விரலை அதன் மேல் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"படிங்க."

"நீர் ஆதாரம்... இல்லைன்னு இருக்கு சார்."

நான் இதற்காகத்தான் கோடை முழுக்கக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்று நன்றாகப் பார்த்தேன். நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. அதைத் துடைக்கக்கூட அவருக்குக் கை எழவில்லை.

அப்புறம் அவர் செய்தது நான் எதிர்பார்த்ததுதான். என் பக்கம் கையை நீட்டினார்.

"இந்தப் பகுதி இந்தம்மாவோடது சார். இவங்கதான் போடல."

நான் பையைத் திறந்து, அன்று காலை பொது ஃபைலிலிருந்து அச்சடித்த தாளை இயக்குநரிடம் கொடுத்தேன். ஊரின் பெயர், நாவல் மரப் பள்ளம், வற்றாத ஊற்று, எல்லாம் இருந்தது. அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டுல எது சரி?"

"ஊத்துக்குள்ளதானே சார் நின்னுட்டிருக்கீங்க."

அக்காவுக்குத் தாள் விவகாரம் எதுவும் புரிந்திருக்காது. ஆனால் கை யாரை நோக்கி நீண்டது என்பது புரிந்துவிட்டது.

"இந்தப் பொண்ணா போடல? ஊரெல்லாம் நடந்துச்சே சாமி. போன தபா எங்க வூட்லதான் படுத்துச்சு. அப்பறமும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தனியா ஏறி வந்துச்சு. இந்தாளு யாரு? இவரை நாங்க பாத்ததே இல்லையே."

இயக்குநர் தண்ணீரைவிட்டு வெளியே வந்து, ஈரக்காலோடு செருப்பைப் போட்டுக்கொண்டார். இறங்கும்போது என்னோடு நடந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கழுதைப்பட்டியைச் சொன்னபோது சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார்.

"இதெல்லாம் நீ ஏன்மா என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னேங்க சார். பழி போடாதன்னீங்க."

அவர் ஜீப்பை நெருங்கும்போது, உனக்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டார். மறுபடியும் மலைக்கு அனுப்பச் சொல்வேன் என்று நினைத்திருப்பார்.

"வேலூருக்குப் போற வழியில கண்ணமங்கலம் வந்துட்டுப் போங்க சார். எங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"சொல்றேன், அதுக்கென்ன."

"நீங்க இல்ல சார். அவர் சொல்லணும்."

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த சீனியருக்கு அது கேட்டது. "சார், இது ஆபீஸ் விஷயமில்ல..." என்று தொடங்கினார். இயக்குநர் திரும்பிக்கூடப் பார்க்காமல் டிரைவரிடம் கண்ணமங்கலம் போகச் சொன்னார். தன் பங்கும் அந்தப் பழியில் இருக்கிறது என்று அவருக்கு அதற்குள் உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் அதுவரை ஜீப் நின்றதில்லை. ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் மெதுவாக இறங்கினேன். அப்பா துண்டைத் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்தார். சீனியர் வாசற்படிக்குக் கீழே நின்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"உங்க பொண்ணு மலைக்குப் போனது நிஜம்தாங்க. நான்... தப்பா சொல்லிட்டேன்."

"கேக்கலைங்க" என்றேன் நான். அப்பாவுக்குக் கேட்டிருந்தது. எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்காது.

அவர் இன்னொரு முறை, உரக்கச் சொன்னார்.

அப்பா என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "உள்ள வாம்மா, வெயில்ல வந்திருக்க" என்றார். அம்மா உள்ளிருந்து இயக்குநருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றுதான். சீனியர் பக்கம் அம்மாவின் பார்வை போகவே இல்லை. என் வாழ்நாளில் வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அம்மா நின்றது அந்த ஒரு தடவைதான். அம்மா மேல் எனக்கு இருந்த வருத்தமெல்லாம் அதில் போய்விட்டது.

மழைக்கு முன்னால் அந்த ஊரில் தொட்டி கட்டி முடித்தார்கள். எங்கள் புரோகிராம் அந்த மெஷினை எடுத்துப் போகும்வரை ஓடியது. சீனியரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். மெஷினே பார்க்காத ஏதோ ஒரு பிரிவு.

அவர் போகிற அன்று வழக்கப்படி ஒரு பிரிவுபசாரம் நடந்தது. மாலை, காரம், ஜாங்கிரி. ஆரணிக்காரர் எழுந்து சாரின் அனுபவத்தைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை பேசினார். அவர் மனசு அப்படி. என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து, "எனக்குப் பேசறதுக்கு ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சீனியர் தலையைக் குனிந்துகொண்டு மாலையிலிருந்து பூ இதழ்களைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது என்று ஆரணிக்காரர் பிறகு சொன்னார். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. இலைத் துண்டில் வைத்துக் கொடுத்த ஜாங்கிரியைத் தின்றேன். பாகு நன்றாக ஊறியிருந்தது. எழுந்துபோய் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.